வீரத்துக்கு யார் சாட்சி?

1962 அக்டோபர் 20 அன்று லடாக்கின் பாங்காங் ஏரிக்கரையில் இருந்த சிரிஜாப் காவல்நிலை சீனப் படையிடம் வீழ்ந்தது. அங்கே தலைமை தாங்கியவர் மேஜர் தன்சிங் தாப்பா, கூர்க்கா படைப்பிரிவுக்காரர். காவல்நிலையில் இருந்தவர்கள் எல்லோரும் மடிந்துவிட்டார்கள் என்றே செய்தி வந்தது. நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம்வீர் சக்ரா, மறைவுக்குப் பிந்தைய விருதாக அவருக்கு அறிவிக்கப்பட்டது. வீட்டில் ஈமக்கடன்களும் முடிந்தன. பிறகுதான் அவர் சீனச் சிறையில் உயிரோடு இருப்பது தெரியவந்தது. 1963இல் விடுதலையாகி வந்தார். அரசிதழில் செத்தவர் வாசலில் வந்து நின்றார். பதிவைத் திருத்தினார்கள். அவர் 2005 வரை வாழ்ந்தார்.

1999இல் அதே பிழை மறுபடி நடந்தது. கார்கில் போரில் டைகர் ஹில் உச்சியைப் பிடிக்க ஏறியவர்களில் ஒருவர் 18ஆவது கிரனேடியர்ஸ் பட்டாலியனின் யோகேந்திர சிங் யாதவ். அப்போது வயது 19. அவருக்கும் முதலில் மறைவுக்குப் பிந்தைய விருது என்றே அறிவிப்பு வந்தது. உடலெங்கும் குண்டுக் காயங்களோடு அவர் மருத்துவமனையில் கிடந்தார். இறந்தது அதே பட்டாலியனில் இருந்த அதே பெயர்கொண்ட இன்னொருவர்.

இவை எழுத்தர் பிழைகள் என்று தள்ளிவிடலாம். ஆனால் ஒரு நாடு தன் வீரர்களுக்குச் செய்யும் மரியாதை எதன் மேல் நிற்கிறது என்பதை இவை காட்டிக்கொடுத்துவிடுகின்றன. போர்க்களத்தில் நடந்ததை விருது கொடுப்பவர்கள் பார்ப்பதில்லை. பார்த்தவர் சொல்ல வேண்டும், சொன்னதை ஒருவர் எழுத வேண்டும், எழுதியதை மேலே இருப்பவர்கள் நம்ப வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் வீரம் வீரமாகவே இருக்கும். மரியாதை மட்டும் வந்து சேராது. ஆகவே, வீரர்களைக் கௌரவிப்பது என்று நாம் பேசும்போது உண்மையில் பேசவேண்டியது சாட்சியைப் பற்றி.

கல்லில் எழுதிய காலம்

இதைத் தமிழ் மரபு வெகுகாலம் முன்பே ஒரு முறையாக வகுத்துவைத்திருந்தது. வீரனுக்குக் கல் எடுப்பதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு படிகளாகத் தொல்காப்பியம் சொல்கிறது. தகுந்த கல்லைத் தேர்வதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை எல்லாம் ஊர் கூடிச் செய்யும் காரியங்கள். செயலைப் பார்த்த ஊரே சாட்சி. கல்லை நட்ட ஊரே பதிவாளர்.

2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் அமைந்தவை. அவற்றில் ஒன்று கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்தவனுக்கு எடுத்த கல். வாசகம் மிகச் சிறியது. யார், எந்த ஊர், எந்தப் பூசல் என்பதோடு முடிந்துவிடுகிறது. புகழுரை கிடையாது. பின்னாளில் பல்லவர் காலத்துச் செங்கம் பகுதி நடுகற்களில் அரசனின் ஆட்சியாண்டு, வீரன் யாருடைய ஆள், எந்த ஊர்ச் சண்டை என்று விவரங்கள் கூடுகின்றன. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல், எருமைகளைக் காக்கப் போய் இறந்தவனோடு, கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாயையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. சாட்சி சொன்னவர்கள் நாயின் பங்கையும் விட்டுவிடவில்லை.

கல்லோடு இன்னொன்றும் இருந்தது. போரில் உயிர்விட்டவனின் குடும்பத்துக்கு நிலம் விடுவது. கல்வெட்டுகள் இதை உதிரப்பட்டி, நெத்தோர்பட்டி என்கின்றன. செயலைப் பார்த்தது, அதை எழுதிவைத்தது, எஞ்சியவர்களுக்குப் பிழைக்க வழி செய்தது என்ற மூன்றும் சேர்ந்ததுதான் மரியாதை. பின்வந்த அரசுகள் இந்த மூன்றில் எதைச் செய்தன, எதை விட்டன என்று பார்த்தாலே இந்த வரலாறு விளங்கிவிடும்.

பதவி பார்த்த பதக்கங்கள்

கிழக்கிந்தியக் கம்பெனி 1837இல் இந்தியச் சிப்பாய்களுக்கென்று ஒரு வீர விருதை ஏற்படுத்தியது. பிற்காலத்தில் இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட் என்று அறியப்பட்ட அதில் மூன்று வகுப்புகள் இருந்தன. விருதோடு சம்பளமும் ஓய்வூதியமும் கூடும். சிப்பாய்களை விசுவாசமாக வைத்திருக்கும் கணக்கும் அதில் உண்டு என்றாலும், குடும்பத்துக்கு வழி செய்வது என்ற பழைய எண்ணம் அந்த விருதுக்குள்ளேயே இருந்தது.

1856இல் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பிறந்தது. இந்தியச் சிப்பாய்களுக்கு அது 1911 வரை எட்டாக்கனி. அந்த ஆண்டு டெல்லி தர்பாரையொட்டித்தான் கதவு திறந்தது. முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஹோல்பெக்கில் 1914 அக்டோபர் 31 அன்று தன் இயந்திரத் துப்பாக்கியை விடாமல் இயக்கிய குதாதத் கான் அந்த விருதை வென்ற முதல் இந்தியச் சிப்பாய்.

பதவிக்கேற்ற வேறுபாடும் இருந்தது. ஒரே வகைத் துணிச்சலுக்கு அதிகாரிக்கு மிலிட்டரி கிராஸ், சிப்பாய்க்கு மிலிட்டரி மெடல். செத்தவருக்கு விருது தருவதிலும் தயக்கம் இருந்தது. விக்டோரியா கிராஸே தொடக்கத்தில் உயிரோடிருப்பவர்களுக்கானது. 1879இல் தென்னாப்பிரிக்காவின் இசண்டில்வானா போரில் படைக்கொடியைக் காக்கப் போய் இறந்த மெல்வில், கோக்ஹில் என்ற இரு லெப்டினன்ட்டுகளுக்கு அது 1907இல்தான் கிடைத்தது. மிலிட்டரி கிராஸ் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இறந்தவர்களுக்குத் தரப்படவில்லை. 1942இல் பர்மாவின் சிட்டாங் ஆற்றுச் சண்டையில் வயிற்றில் குண்டு பாய்ந்து கிடந்த ஓர் இளம் அதிகாரிக்கு, மேஜர் ஜெனரல் கோவன் தன் சட்டையில் இருந்த மிலிட்டரி கிராஸ் ரிப்பனையே கழற்றிக் குத்திவிட்டார் என்று சொல்வார்கள். இவர் பிழைக்க மாட்டார், செத்தால் விருது கிடைக்காது என்ற அவசரம். அந்த இளைஞர் பிழைத்துக்கொண்டார். அவர்தான் பிற்காலத்து ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா.

இதே காலத்தில் நம் பக்கத்து வீரர் ஒருவரின் கதையும் உண்டு. மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன் 1944இல் இத்தாலியில் கண்ணிவெடி அகற்றும் குழுவோடு போனார். வெடிக்கப்போகும் கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். அவருக்குக் கிடைத்தது ஜார்ஜ் கிராஸ். விக்டோரியா கிராஸ் எதிரியை நேருக்கு நேர் நின்று எதிர்த்த செயலுக்கு. ஜார்ஜ் கிராஸ் அப்படி இல்லாத இடத்தில் காட்டும் துணிச்சலுக்கு. அந்த மனிதர் செய்ததில் எள்ளளவும் குறைவில்லை, அவரை விக்டோரியா கிராஸிலிருந்து பிரித்தது சட்டத்தின் ஒரு வரி. அந்த வரி சுதந்திர இந்தியாவிலும் தொடர்கிறது.

வஜ்ராயுதம் நான்கு

1950 ஜனவரி 26 அன்று, குடியரசு பிறந்த அதே நாளில், பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா என்ற மூன்று விருதுகள் ஏற்படுத்தப்பட்டன. 1947 ஆகஸ்ட் 15 முதலே செல்லும் என்று ஆணை. காரணம் எளிது: காஷ்மீரில் போர் நடந்து முடிந்திருந்தது, கௌரவிக்கப்பட வேண்டியவர்கள் காத்திருந்தார்கள்.

பதக்கத்தை வடிவமைக்கும் பொறுப்பு மேஜர் ஜெனரல் ஹிரா லால் அட்டலிடம் வந்தது. அவர் நாடியது சாவித்ரி கானோல்கரை. ஸ்விட்சர்லாந்தில் பிறந்தவர், தந்தை ஹங்கேரியர், தாய் ரஷ்யர். இந்திய ராணுவ அதிகாரி விக்ரம் கானோல்கரை மணந்து இந்தியரானவர். சமஸ்கிருதமும் புராணங்களும் நன்கு கற்றிருந்தார். விருத்திரனைக் கொல்ல வஜ்ராயுதம் செய்யத் தன் முதுகெலும்பையே கொடுத்த ததீசி முனிவர் கதையை அவர் எடுத்துக்கொண்டார். வெண்கல வட்டம், குறுக்களவு 35 மில்லிமீட்டர். நடுவில் அரசுச் சின்னம். அதைச் சுற்றி நான்கு வஜ்ராயுதங்கள். பின்புறம் விருதின் பெயர் இந்தியிலும் ஆங்கிலத்திலும், இடையே தாமரைகள். ரிப்பன் வெறும் ஊதா, கோடு கிடையாது. பொன்னோ வெள்ளியோ இல்லை. கையில் எடுத்தால் பெரிய நாணயம் ஒன்றின் கனம்தான் இருக்கும்.

முதல் விருது மேஜர் சோம்நாத் சர்மாவுக்கு. 1947 நவம்பர் 3 அன்று ஸ்ரீநகர் விமான தளத்தைக் காக்க பட்காமில் நின்றபோது அவர் இடக்கையில் மாவுக்கட்டு. ஹாக்கி ஆடியதில் எலும்பு முறிந்திருந்தது. ஒரு கையாலேயே வீரர்களின் துப்பாக்கிகளுக்குத் தோட்டா நிரப்பித் தந்துகொண்டிருந்தவரை மோர்ட்டார் குண்டு கொன்றது. சாவித்ரியின் மூத்த மகள் மணந்தது இந்தச் சோம்நாத்தின் தம்பியை. தான் வரைந்த பதக்கம் முதலில் தன் சம்பந்தி வீட்டுக்கே போகும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

புதிய விருதில் இரண்டு மாற்றங்கள் முக்கியமானவை. மறைந்தவருக்கும் தரலாம் என்பது முதலிலேயே ஏற்கப்பட்டது. பதவி வேறுபாடு முற்றாக நீங்கியது. லான்ஸ் நாயக் கரம்சிங் இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களுக்கான மிலிட்டரி மெடல் வாங்கியவர். 1948இல் தித்வாலில் நின்று போரிட்டதற்கு மேஜருக்குக் கிடைத்த அதே பதக்கத்தை வாங்கினார். இன்றுவரை பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரில் அதிகாரிகள் 12 பேர், சுபேதார் நிலையில் உள்ளவர்கள் இருவர், சிப்பாய், நாயக், ஹவில்தார் நிலையினர் ஏழு பேர். 14 பேருக்கு மறைவுக்குப் பின் கிடைத்தது.

கொல்வதுதான் வீரம் என்று யாராவது நினைத்தால் இந்தப் பட்டியலில் உள்ள ராமா ரகோபா ரானேவைப் படிக்க வேண்டும். 1948 ஏப்ரலில் நவுஷேராவிலிருந்து ரஜௌரி நோக்கி டாங்கிகள் போக வழி வேண்டும். பாதையெங்கும் கண்ணிவெடி, வெட்டிச் சாய்த்த மரங்கள், தகர்த்த பாலங்கள். பொறியாளர் படையைச் சேர்ந்த ரானே டாங்கியின் அடியிலேயே ஊர்ந்தபடி, ஓட்டுநருக்குக் கயிறு இழுத்துச் சைகை காட்டிக்கொண்டு, காயத்தோடு நாள் கணக்கில் வழி திறந்தார். உயிரோடு இருந்து விருது பெற்ற ஏழு பேரில் அவரும் ஒருவர்.

மலை மேல் கிடைத்த சாட்சி

விருது எப்படி முடிவாகிறது? படைப்பிரிவின் தளபதி ‘சைட்டேஷன்’ எனப்படும் வீரச்செயல் அறிக்கையை எழுதுவார். நேரில் பார்த்தவர்களின் வாக்குமூலங்கள் அதனுடன் போகும். பிரிகேடு, டிவிஷன், கோர், கமாண்டு எனப் படிப்படியாக ஏறி, தலைமையகத்திலும் பாதுகாப்பு அமைச்சகத்திலும் உள்ள குழுக்களைக் கடந்து, குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு அரசிதழில் வரும். பரம்வீரா, மகாவீரா, வீர் சக்ராவா என்பதும் இந்த ஏற்றத்தில் எங்கோதான் முடிவாகும்.

பார்த்தவர்களே மிஞ்சாவிட்டால்? 1962 நவம்பர் 18 அன்று லடாக்கின் ரெசாங் லாவில் நடந்தது அதுதான். சுஷூல் பகுதியைக் காக்க, 16,000 அடிக்கு மேலான கணவாயில், 13ஆவது குமாவுன் பட்டாலியனின் ஒரு கம்பெனி நின்றது. சுமார் 120 பேர். பெரும்பாலோர் ஹரியானாவின் ரேவாரி வட்டார அஹிர் விவசாயக் குடும்பத்தினர். நடுவே மலைமுகடு மறைத்ததால் நமது பீரங்கிகளால் உதவ முடியவில்லை. மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் அவர்கள் அங்கேயே நின்றார்கள். 114 பேர் இறந்தார்கள்.

தப்பி வந்த ஒருசிலர் நடந்ததைச் சொன்னபோது மேலே இருந்தவர்கள் முழுதாக நம்பவில்லை என்று அவர்களே பின்னாளில் பேட்டிகளில் கூறியிருக்கிறார்கள். தோல்வியின் கசப்பு ஊறிய காலம் அது. எல்லாப் பக்கமும் பின்வாங்கல் செய்தி வந்துகொண்டிருக்கையில், கடைசி ஆள், கடைசித் தோட்டா வரை ஒரு கம்பெனி நின்றது என்றால் கதை போலத்தான் கேட்டிருக்கும்.

1963 பிப்ரவரியில் ஓர் இடையர் அந்தப் பக்கம் போனார். பனி அப்படியே எல்லாவற்றையும் காத்துவைத்திருந்தது. பதுங்குகுழிகளில் ஆயுதம் பிடித்த கைகளோடு உறைந்த உடல்கள். மருத்துவ உதவியாளர் ஒருவர் கையில் ஊசியும் கட்டுத்துணியுமாக இருந்தார். இருந்த ஆயிரம் மோர்ட்டார் குண்டுகளில் ஏழு தவிர மற்றவை தீர்ந்திருந்தன என்று பதிவு. காயம்பட்ட தன்னைச் சுமந்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று சொல்லி ஷைத்தான் சிங் இறக்கிவிடச் சொன்ன பாறையோரத்தில் அவர் உடல் கிடந்தது. உயிரோடு வந்தவர்களின் சொல்லுக்குக் கிடைக்காத நம்பிக்கை இறந்தவர்களின் உடல்களுக்குக் கிடைத்தது. ஷைத்தான் சிங்குக்குப் பரம்வீர் சக்ரா, மற்றவர்களுக்கு எட்டு வீர் சக்ராக்கள்.

அந்த இடையர் அந்தக் குளிர்காலத்தில் அங்கே போகாதிருந்தால்? நினைத்துப் பார்க்கக் கூசும் கேள்வி. ஆனால் எத்தனையோ போர்களில் எத்தனையோ மேடுகளில் யாரும் போய்ப் பார்த்ததில்லை என்பது நிச்சயம். பரம்வீர் சக்ரா பட்டியலில் 20 பேர் தரைப்படையினர். விமானப் படைக்கு ஒருவர்: 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் தனியாகப் போரிட்டு இறந்த நிர்மல்ஜித் சிங் செகோன். கடற்படைக்கு யாரும் இல்லை. அதே டிசம்பரில் டையூ அருகே மூழ்கிய குக்ரி கப்பலின் கேப்டன் மகேந்திரநாத் முல்லா, தப்பிக்க வழியிருந்தும் கப்பலோடு போனவர்; அவருக்கு மகாவீர் சக்ரா. தரைப்படையினர்தான் அதிகம் போரிட்டார்கள், அதிகம் மடிந்தார்கள் என்பது முதல் காரணம். தோளோடு தோள் நின்று போரிடும் காலாட்படையில் பார்ப்பதற்குக் கண்கள் அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

சில வேளைகளில் எதிரியே சாட்சியாகிறான். 1999இல் டைகர் ஹில்லில் எதிர்த்தாக்குதல் நடத்தி இறந்த பாகிஸ்தான் கேப்டன் கர்னல் ஷேர் கானின் உடலைத் திருப்பி அனுப்பும்போது, இந்திய பிரிகேடியர் எம்.பி.எஸ். பாஜ்வா, இவர் வீரத்தோடு போரிட்டார் என்று ஒரு குறிப்பு எழுதிச் சட்டைப்பையில் வைத்தார். கார்கிலில் இருப்பது தன் படையே அல்ல என்று பாகிஸ்தான் சாதித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த வீரருக்கு அந்நாட்டின் மிக உயர்ந்த விருதான நிஷான்-ஏ-ஹைதர் கிடைத்தது. 1962இல் பூம் லா பகுதியில் போரிட்டுப் பிடிபட்டுச் சிறையில் இறந்த சுபேதார் ஜோகிந்தர் சிங்கின் அஸ்தியை, அவருக்குப் பரம்வீர் சக்ரா அறிவிக்கப்பட்டதை அறிந்த சீன ராணுவம் 1963 மே மாதத்தில் மரியாதையோடு ஒப்படைத்தது.

எதிரி எங்கே இருந்தான்?

சுபேதார் சுப்பிரமணியனைப் பிரித்த அந்த ஒரு வரிக்குத் திரும்புவோம். பரம்வீர் சக்ரா வரிசை முழுவதும் எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கு. அதற்கு வெளியே நடப்பவற்றுக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா என்று தனி வரிசை. தாம்பரத்துக்காரரான மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகளுடனான மோதலில் இறந்தார். அவருக்குக் கிடைத்தது அசோக சக்ரா. 2024இல் அவரைப் பற்றிய ‘அமரன்’ படம் வந்தபோது, ஏன் பரம்வீர் சக்ரா இல்லை என்று கேட்டவர்கள் உண்டு. உள்நாட்டுத் தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கை போராகக் கருதப்படுவதில்லை என்பதே பதில். அசோக சக்ரா அமைதிக்கால விருதுகளில் முதலாவது. குண்டடிபட்டவனுக்கு அங்கே அமைதி எங்கே இருந்தது என்ற கேள்விக்குச் சட்டத்தில் இடமில்லை.

2020 ஜூனில் கல்வானில் சீனப் படையோடு நடந்த கைகலப்பில் இறந்த ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ரா தரப்பட்டது. போர் அறிவிக்கப்படவில்லை, துப்பாக்கியும் வெடிக்கவில்லை. ஆனால் எதிரி நேரே நின்றான். ஆகவே அது போர்க்கால விருது வரிசையில் வந்தது. இந்த இரு தமிழர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விருதின் பெயர் வீரத்தின் அளவைச் சொல்வதில்லை, எதிரி யார் என்று அரசு எடுத்த முடிவைச் சொல்கிறது என்பது புரியும்.

இந்த இடத்தில் நமக்குக் கசப்பான ஒரு பெயரும் வரும். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், மும்பையில் பிறந்தவர், 8ஆவது மஹார் பட்டாலியன். இந்திய அமைதிப்படையில் இலங்கை சென்றவர். 1987 நவம்பர் 25 இரவு யாழ்ப்பாணத்தில் தேடுதலை முடித்துத் திரும்பும் வழியில் விடுதலைப் புலிகள் வழிமறித்துச் சுட்டார்கள். நெஞ்சில் குண்டு பாய்ந்த நிலையில், சுட்டவனின் துப்பாக்கியைப் பறித்து அவனைச் சுட்டு, கடைசி மூச்சு வரை உத்தரவிட்டுக்கொண்டே இறந்தார். அவருக்குப் பரம்வீர் சக்ரா. அதற்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 21 அன்று, யாழ் மருத்துவமனையில் மருத்துவர்களும் நோயாளிகளும் அதே படையால் கொல்லப்பட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்து மக்களின் நினைவில் அந்த நாள்தான் இருக்கிறது. 1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசிப் பிரிவு சென்னை வந்தபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை.

இரண்டில் ஒன்றை மறைத்தால்தான் மற்றதை மதிக்க முடியும் என்பதில்லை. பரமேஸ்வரனின் கையில் இருந்தது அந்த இரவும் அந்தப் பதுங்குத் தாக்குதலும் அவரோடு வந்த சிப்பாய்களின் உயிரும். அங்கே அனுப்பிய முடிவு அவருடையது அல்ல. இலங்கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். அவர்களுக்கான நினைவிடம் கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் வெகுநாளாக நிற்கிறது. டெல்லியில் அவர்கள் பெயரும் பொறித்த தேசியப் போர் நினைவிடம் 2019இல்தான் திறந்தது. ஒரு போரின் மேல் அரசியலுக்கு வெட்கம் வந்தால், அதில் இறந்தவனின் மரியாதை காத்திருக்க வேண்டியதாகிறது. மருத்துவமனையில் இறந்தவர்களுக்கான சாட்சியமோ இன்னும் கேட்கப்படாமலே கிடக்கிறது.

உதிரப்பட்டி என்ன ஆயிற்று?

சாட்சி, பதிவு ஆகிய இரண்டிலும் குடியரசு பெருமளவு கவனமாகவே நடந்திருக்கிறது. பெயர் சூட்டுவதிலும் குறைவில்லை. 2023 ஜனவரி 23 அன்று அந்தமானின் 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் பெயர்கள் வைக்கப்பட்டன. மூன்றாவது காரியம்தான் ஆளுக்கொரு விதமாக நடந்தது.

1987 ஜூனில் சியாச்சின் பனிமலையில் 21,000 அடிக்கு மேலான பாகிஸ்தான் காவல்நிலையைப் பனிச்சுவர் ஏறிப் பிடித்த நாயிப் சுபேதார் பானா சிங்கின் பெயரில் இன்று அந்தச் சிகரமே அழைக்கப்படுகிறது. 2000இல் அவர் ஓய்வு பெற்றபோது ஜம்மு காஷ்மீர் அரசு அவருக்குத் தந்த மாதத் தொகை 166 ரூபாய். பக்கத்து மாநிலங்கள் ஆயிரக்கணக்கில் தருவதைச் சுட்டிக்காட்டி அவர் எதிர்ப்புத் தெரிவித்தார். பஞ்சாப் அரசு, இங்கே குடிவந்துவிடுங்கள், லட்சக்கணக்கில் தருகிறோம் என்றது. என் மண்ணைவிட்டு வரமாட்டேன் என்றார்.

மத்திய அரசின் மாத உதவித்தொகை 2017 முதல் பரம்வீர் சக்ராவுக்கு 20,000 ரூபாய். மாநில அரசுகள் தருவது அவரவர் விருப்பம். ஒரே மலையில் ஒரே இரவில் ஒரே விருது வாங்கிய இருவருக்கு, பிறந்த ஊரைப் பொறுத்துக் கிடைப்பதில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்க முடியும். சைட்டேஷனில் ஒவ்வொரு சொல்லையும் பல குழுக்கள் எடைபோடுகின்றன. குடும்பத்துக்குப் போவதை எடைபோடப் பொதுவான தராசு இல்லை.

விதவைகளுக்கான விதி இன்னும் கூர்மையாகச் சொல்லும். மறுமணம் செய்தால் வீர விருதுக்கான உதவித்தொகை நின்றுவிடும், இறந்த கணவரின் சகோதரரை மணந்தால் மட்டும் தொடரும் என்பதே நெடுங்காலம் நடைமுறை. 2017 நவம்பரில்தான் பாதுகாப்பு அமைச்சகம் அந்த நிபந்தனையை நீக்கியது. இருபது வயதுகளில் கணவரை இழந்து, குடியரசுத் தலைவர் கையால் பதக்கம் வாங்கும் பெண்ணைத் தொலைக்காட்சியில் பார்த்து நாம் கண்ணீர் விட்ட அத்தனை ஆண்டுகளும், அவர் யாரை மணக்கலாம் என்று ஓர் அரசாணை சொல்லிக்கொண்டிருந்தது.

செய்யக்கூடியவை

வீரர்களை மதிப்பதாகச் சொல்லாதவர் இன்று யாரும் இல்லை. குறைவது உணர்ச்சி அல்ல, வேலை. வேலை என்று பார்த்தால் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில்தான் உள்ளன.

முதலாவது, உயிரோடிருக்கும் சாட்சிகள். 1962, 1965 போர்களில் நின்றவர்கள் பெரும்பாலும் 80 வயதைத் தாண்டிவிட்டார்கள். 1971இல் நின்றவர்கள் 70களில் இருக்கிறார்கள். விருது பெற்றவர்களை நேர்காணப் பலர் போகிறார்கள். விருது பெற்றவரின் பக்கத்தில் நின்ற சிப்பாயைத் தேடி யாரும் போவதில்லை. ரெசாங் லாவில் தப்பியவர்களை அன்று நம்பாத தவறுக்கு இன்று செய்யக்கூடிய பரிகாரம், அப்படிப்பட்டவர்கள் சொல்வதை ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்வது. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. கல்லூரிகளில் வரலாற்றுத் துறைகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்க்க ஓர் அரசாணை போதும்.

இரண்டாவது, பதிவு தமிழில் கிடைக்க வேண்டும். இந்தியிலும் ஆங்கிலத்திலும் அரசிதழில் வரும் அறிக்கையை அந்த வீரரின் தாய் படிக்க முடிவதில்லை. தமிழ்நாட்டு வீரர்கள் பெற்ற ஒவ்வொரு சக்ராவுக்கும் உரிய அறிக்கையைத் தமிழில் தந்து, அவரவர் படித்த பள்ளிச் சுவரில் பொறித்துவைக்கலாம். பெயர், ஊர், போர், செய்தது என்ன என்ற நான்கும் இருந்தால் போதும். புலிமான்கோம்பைக் கல்லில் அதற்குமேல் இல்லை.

மூன்றாவது, மாநிலத்துக்கு மாநிலம் மாறாத ஒரே அளவான உதவித்தொகை. அதைக் கேட்டுப் பெறும் நிலைக்கு எந்தக் குடும்பத்தையும் தள்ளாத ஏற்பாடு. நிலம் விட்ட காலத்து அரசர்கள் அதை இரக்கமாகச் செய்யவில்லை, போரிட்டவனுக்குப் பட்ட கடனாகச் செய்தார்கள். வரி கட்டும் குடிமக்களாகிய நாமும் அதைக் கடன் என்றே எழுதிவைத்துத் தீர்க்க வேண்டும். தீவுக்குப் பெயர் வைப்பதைவிட இது கடினம். ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையில் ஒரு வரி கேட்கும்.